சாதகத்தோடு எடையும் கேட்கிறார்கள்

விசுவமடு_அக்கா

தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். வயது 24. மாப்பிள்ளை வெளிநாடு, அவருடைய வீட்டார் கிளிநொச்சியில். சாதகம் பொருந்திவிட்டது. சீதனக் கதையும் பெரிதாக இழுபடவில்லை. எல்லாம் சரி என்று இருக்கும்போது தரகர் போன் எடுத்து, "பிள்ளை எத்தினை கிலோ எண்டு கேக்கினம்" என்றார். நகை என்றால் பவுனில் கேட்டிருப்பார்கள். நெல் என்றால் மூட்டையில். கிலோவில் கேட்டது பிள்ளையைத்தான்.

தங்கச்சியின் உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 61 கிலோ. சொன்னோம். மறுநாள் பதில் வந்தது: "வாற ஆவணிக்குள்ள ஒரு பத்துக் கிலோ குறைச்சா நல்லம். படத்தில முகம் கொஞ்சம் மொத்தமாத் தெரியுது."

அன்றிலிருந்து அவள் மத்தியானம் மட்டும்தான் சாப்பிடுகிறாள். காலையும் இரவும் பிளேன்ரீ, பால் விடாத வெறும் தேத்தண்ணி. கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறாள். கடைசி இரண்டு மாதமும் மாதவிடாய் வரவில்லை. அம்மாவிடம் சொன்னால், "கலியாணம் முடிஞ்சா எல்லாம் தன்பாட்டில சரியா வரும்" என்கிறார்.

61 கிலோ உண்மையிலேயே கூடவா? இந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்

மாப்பிள்ளை எத்தனை கிலோ என்று திருப்பிக் கேட்டீர்களா?

விசுவமடு_அக்கா

படத்தில் நல்ல தொந்தி தெரிகிறது அண்ணை. கேட்க அம்மா விடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்படிக் கேட்பது வழக்கமில்லையாம்.

பிளேன்ரீ

அக்கா, என் பெயரிலேயே பிளேன்ரீ இருக்கிறது, ஆனால் அதை மட்டும் குடித்து உயிர் வாழ ஏலாது என்று அவளுக்குச் சொல்லுங்கோ.

நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய ஐந்தரைக்கு பஸ். காலைச் சாப்பாடு என்பது பஸ்ஸில் கடிக்கிற பணிஸ்தான். நாள் முழுக்க மெசினுக்கு முன்னால் இருப்பு. எங்கள் லைனில் கலியாணம் பேசுகிற பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அதில் பாதிப் பேர் மத்தியானச் சோற்றுப் பார்சலை அடுத்தவளிடம் தள்ளிவிடுகிறார்கள். மிச்சப் பாதிக்கு நேர் எதிர்க் கரைச்சல். மெலிந்திருக்கிறாள், நோய்க்காரி போலிருக்கு, சாமத்தியத்துக்கு ஒழுங்காய் நல்லெண்ணெயும் முட்டையும் குடுக்கேல்லையோ என்று கேள்வி. ஒரே மேசையில் ஒருத்தி சோற்றைத் தள்ளுகிறாள், மற்றவள் வயிறு நிறைந்த பிறகும் விழுங்குகிறாள். இரண்டும் மாமிமாருக்காக.

வெள்ளைச்சீருடை

பிள்ளை, நான் இந்தப் பக்கத்தில் நீண்ட காலம் மருத்துவமாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவதுதான் உடல் திணிவுச் சுட்டி, கிளினிக்கில் பிஎம்ஐ என்பார்கள். தங்கச்சிக்கு அது 25.4. உலகப் பொதுக் கணக்கில் 18.5 இலிருந்து 25 வரை சாதாரணம். ஆசிய உடம்புக்கு 23 இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. ஆகவே அட்டையில் குறித்தால் "கொஞ்சம் கூட" என்றுதான் வரும். அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கோ. அவளுடைய உயரத்துக்கு 45 கிலோவும் சாதாரணம், 55 கிலோவும் சாதாரணம். ஒரே உயரம், பத்துக் கிலோ இடைவெளி, இரண்டு பேரும் சுகமாக இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் ஒருத்தியின் உடம்பு எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பும் எலும்பும் வயதும் பிள்ளைப்பேறும் தீர்மானிக்கின்றன. தரகர் தீர்மானிக்க முடியாது.

எடையை விட இடுப்பு அதிகம் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவைப் பிடித்து, மூச்சை விட்ட பிறகு அளவுங்கோ. நம் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு உள்ளே இருந்தால் நல்லது. தொடையிலும் பின்பக்கத்திலும் சேர்கிற கொழுப்பு வேறு, வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு வேறு. சலரோகத்துக்கும் (நீரிழிவு) இருதய வருத்தத்துக்கும் வழி விடுவது இரண்டாவது.

இப்போது அவசரமான விசயம். மாதவிடாய் நின்றிருக்கிறது என்றீர்கள். சாப்பாடு திடீரென்று குறையும்போது மூளை முதலில் நிறுத்துவது பிள்ளை பெறுகிற வேலையைத்தான். மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகிற கட்டளை குறையும், ஈஸ்ட்ரோஜன் விழும். ஈஸ்ட்ரோஜன் விழுந்தால் எலும்பு தேயத் தொடங்கும். எலும்பு தன் முழுப் பலத்தைச் சேர்க்கிற வயதே இருபதுகள்தான், அந்த வயதில் இழந்ததைப் பிறகு முழுதாகப் பிடிக்க முடியாது. தைரொயிட், சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் டொக்டரிடம் போக வேண்டும் என்பது பொது விதி. இவள் சாப்பாட்டையும் விட்டிருப்பதால் மூன்றாவது மாதம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே கூட்டிக்கொண்டு போங்கோ. கலியாணத்துக்காகச் செய்கிற வேலை, கலியாணத்துக்குப் பிறகு "ஏன் இன்னும் பிள்ளை இல்லை" என்ற கேள்வியில் போய் முடிந்தால் அதற்கும் இவளைத்தான் குற்றம் சொல்வார்கள்.

பரந்தன்_சந்தி

எல்லாரும் மாப்பிள்ளை வீட்டைத் திட்டுகிறீர்கள். நான் மறுபக்கம் கதைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் அக்காவுக்கு 41 வயதில் சலரோகம் முற்றி கால்விரல் ஒன்று எடுத்தார்கள். சின்ன வயதிலிருந்தே உடம்பு கூட. "பாவம், மனம் நோகும்" என்று வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஊர்ச்சனம் வாயை மூடிக்கொண்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடுமா?

அதோடு நம் வாழ்க்கையும் மாறிவிட்டது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை. பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்குச் சைக்கிளில் போய் வந்த பெண்களைத் தெரியும், பின்னால் பிள்ளையும் முன்னால் அரிசி மூட்டையும். இப்போது சந்திக் கடைக்கும் ஸ்கூட்டி. காலையில் பாண், பின்னேரம் ரோல்ஸ், இரவு கொத்து. இதைச் சொன்னால் பெண்களை அவமதிக்கிறோம் என்கிறீர்கள்.

பிளேன்ரீ

அண்ணை, கொத்து ரொட்டிக் கடையில் இரவு எட்டு மணிக்கு நிற்பது யார் என்று போய்ப் பாருங்கோ. பெண்கள் பார்சலுக்காக வெளியில் நிற்பார்கள். உள்ளே இருந்து சாப்பிடுகிற ஆம்பிளையளின் எடையை ஒருவரும் கேட்பதில்லை.

அக்காவின் கதை கவலைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், அவர் கிளினிக்குக்குப் போனாரா?

பரந்தன்_சந்தி

போகவில்லை. முதல் தடவை போனவர் பிறகு போக மறுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை.

பிளேன்ரீ

காரணம் நான் சொல்கிறேன். நான் போன ஒரு கிளினிக்கில் தராசு விறாந்தையில், வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் முன்னால். ஒருவர் ஏறினவுடன் எழுதுகிற பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்று மற்றவர் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வார். "எண்பத்தி மூண்டு!" வரிசை முழுக்கத் திரும்பும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா செருப்பைக் கழற்றி, கைப்பையைப் பக்கத்தில் நின்றவரிடம் குடுத்து, காப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். காப்பு எவ்வளவு நிறை இருக்கும்? பிறகு உள்ளே போனால், தலையிடி என்று சொல்லி வந்தவருக்கும் "முதலில மெலியுங்கோ" என்பதுதான் முதல் வசனம். மாதா மாதம் அதைக் கேட்க யார் போவார்கள்? போகாவிட்டால் சீனியை யார் பார்ப்பது?

வெள்ளைச்சீருடை

பிளேன்ரீ சொன்ன விறாந்தைத் தராசு எனக்கும் தெரியும். இடமில்லாமல் வெளியில் வைக்கிறார்கள், அதில் ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இலக்கத்தைக் கத்தத் தேவையில்லை. துண்டில் எழுதிக் குடுக்கலாம்.

பரந்தன்_சந்தி தம்பிக்கு: நீர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சலரோகத்தைத் தடுக்க எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2002 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று. சலரோகம் இன்னும் வராமல், இரத்தத்தில் சீனி கூடி அதன் எல்லையில் நின்றவர்களை எடையில் ஏழு வீதம் குறைக்கச் சொல்லி, கிழமைக்கு 150 நிமிடம் நடக்க வைத்தார்கள். சலரோகம் வருவது 58 வீதத்தால் குறைந்தது. 61 கிலோவுக்கு ஏழு வீதம் என்றால் நாலு கிலோ சொச்சம். பத்து இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2006 இல் சென்னையில் செய்த ஆய்வு. அதுவும் எல்லையில் நின்றவர்களை வைத்துத்தான். நடை, சாப்பாட்டு ஒழுங்கு இரண்டாலும் சலரோகம் வருவது ஏறக்குறைய 28 வீதத்தால் குறைந்தது. அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை! தராசு அசையாமலே உள்ளே நல்லது நடக்கிறது. வரிசையில் நின்று "ரெண்டு மாசம் நடந்தும் ஒரு கிலோவும் குறையேல்லை மிஸ்" என்று அழுத எத்தனை பெண்களை நடையைக் கைவிடாமல் பிடித்து வைக்க நான் பாடுபட்டேன்.

தட்டு_எறிந்தவள்

பாடசாலைக் காலத்தில் தட்டெறிதலில் மாகாண மட்டம் வரை போனேன். அப்போது 72 கிலோ. கோச் சேர் வீட்டிலிருந்து முட்டை கொண்டுவந்து தருவார். உயர்தரம் முடிந்து விளையாட்டை விட்ட மறுமாதமே "இனி மெலிய வேணும்" என்று தொடங்கிவிட்டார்கள். தசையும் கொழுப்பும் தராசுக்கு ஒன்றுதான். கோவில் வீதியில் என்னைப் பார்த்த ஒரு பெரியம்மாவுக்கும் ஒன்றுதான்.

குளக்கட்டு

எனக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. உங்கள் எல்லாரையும் விட மூத்தவள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

நம் சனத்துக்கு மெலிவு என்றால் பயம். காரணம் உங்களுக்குத் தெரியும். 2009 சித்திரை, வைகாசியில், போரின் கடைசி நாட்களில், எங்கள் பக்கம் மெலியாத ஆளே இல்லை. கஞ்சி கிடைத்தால் அது ஒரு நாள். பங்கருக்குள் இருந்தபடி நாங்கள் பெண்கள் ஒருத்திக்கொருத்தி சமையல் சொல்லிக்கொண்டிருப்போம். இறால் குழம்புக்கு எவ்வளவு புளி, வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு எத்தனை தேங்காய் திருவினோம், மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பச்சைமிளகாய்ச் சம்பலோடு எப்படிச் சாப்பிடுவது என்று. பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது "காணும், நிப்பாட்டுங்கோ" என்பார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களே "அப்ப முருங்கைக்காய்க்குப் பால் விடுறேல்லையோ" என்று தொடங்குவார்கள்.

பிறகு மெனிக் பாம் அகதி முகாம். நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். மரக்கறி அருமை. மாவை ரொட்டியாகச் சுட்டு ஊறவைத்துச் சாப்பிட்டோம். மாதங்கள் போக உடம்பு வைத்தது. வவுனியாவிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அப்பாடா, நல்லா வந்திட்டியள்" என்று கண்ணீர் விட்டார்கள். அந்த நேரத்தில் அதைவிட நல்ல வார்த்தை இல்லை. ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டு ஒரு நிமிர்வு வந்த பிறகு, அதே சொந்தக்காரர் அதே வாயால் "என்ன, கணக்க மொத்தமாய் வந்திட்டாய்" என்கிறார்கள். உடம்பு அதேதான். பார்க்கிற கண்ணுக்கு இப்போது பசி இல்லை.

அதனால்தான் விசுவமடுப் பிள்ளையின் தாய்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுசிக்கு மகள் சோற்றைத் தள்ளுவது எவ்வளவு நோகும் என்று எனக்குத் தெரியும். கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயம் அந்த நோவை விடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அளவுகோல்

குளக்கட்டு அம்மா சொன்ன சமையல் கதையைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன். ஏனென்றால் இதே விசயம் ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

1944 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை எடுத்தார். போரில் சண்டை பிடிக்க மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு வந்தவர்கள். ஆறு மாதம் ஏறக்குறைய அரைவயிற்றுச் சாப்பாடு. போரில் பட்டினி கிடந்த சனத்துக்குப் பிறகு எப்படிச் சாப்பாடு குடுப்பது என்று அறிவதுதான் நோக்கம். என்ன நடந்தது? உடம்பு குளிர்ந்தது, இருதயம் மெதுவானது, கோபமும் சோர்வும் கூடின. எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள். தாராளமாகச் சாப்பிட விட்டபோது நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள், முன்பு இருந்ததை விடக் கூடிய கொழுப்பு உடம்பில் சேர்ந்தது. அவர்கள் குணம் கெட்ட ஆட்கள் இல்லை, பொறுக்கி எடுத்த உறுதியான இளைஞர்கள். விசுவமடு அக்கா, தங்கச்சி சின்னச் சத்தத்துக்கு எரிந்து விழுகிறாள் என்றீர்களே, அது பசி.

இதற்குப் பின்னால் உள்ள இயந்திரமும் இப்போது ஓரளவு தெரியும். 1994 இல் லெப்ரின் என்ற ஹோர்மோனைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புக் கலங்கள் அதைச் சுரந்து, எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும். கொழுப்பு குறைந்தால் லெப்ரின் விழும், மூளை பசியைக் கூட்டி எரிப்பைக் குறைக்கும். சுருக்கமாகச் சொன்னால் உடம்பு தனக்குப் பழகிய எடையைக் காப்பாற்றச் சண்டை பிடிக்கும். வேகமாகக் குறைத்தால் சண்டையும் வேகமாக இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. பிஎம்ஐ கணக்கின் அடிப்படையை 1830களில் போட்டவர் கெட்லே என்ற பெல்ஜியக்காரர். வானியலாளர், புள்ளிவிபரக்காரர். வைத்தியர் இல்லை. சனத்தொகையின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்கத்தான் அவர் அளந்தார். அதற்கு இன்றைய பெயரை வைத்தது 1972 இல், யார் தெரியுமா? அதே அன்சல் கீஸ். கூட்டத்தை அளக்க வந்த கணக்கு இப்போது ஒருத்தியின் கலியாணத்தை அளக்கிறது.

அது ஒருவரின் உள்ளே இருப்பதைச் சொல்லாது என்பதற்கு 2004 இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் பிரபலம். பூனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து வைத்தியர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. ஒருவரின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், இந்தியருடையது 21.2 வீதம். ஆக, மெலிந்திருக்கிறாள் என்று சந்தோசப்படுகிற மாமியாரும் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நெத்தலி

எனக்கு மற்றப் பக்கத்துப் பிரச்சினை. 29 வயது, 41 கிலோ. சின்ன வயதிலிருந்து இப்படித்தான், அம்மாவும் இப்படித்தான். நெத்தலி என்று பெயர் வைத்ததே மச்சாள்மார். போன வருடம் பெரியம்மா ஒருவர், "சதை வைக்கிற குளிசை" என்று உறையில் சுற்றிய வெள்ளைக் குளிசைகள் வாங்கித் தந்தார். பெயர் ஒன்றும் இல்லை. இரண்டு கிழமையில் நல்ல பசி, முகம் வட்டமாக வந்தது. எல்லாரும் "இப்பதான் பொம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்றார்கள். இப்போதும் போடுகிறேன். கன்னத்தில் பரு, கால் தசை பலமில்லை, படியேற மூச்சு வாங்குகிறது. நிறுத்தட்டுமா?

வெள்ளைச்சீருடை

பிள்ளை, உடனே நிறுத்த வேண்டாம்! நாளைக்கே அந்த உறையோடு டொக்டரிடம் போங்கோ.

உடம்பு வைக்க என்று பெயரில்லாமல் விற்கிறவற்றில் பெரும்பாலும் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் இருக்கும், அல்லது பசியைக் கூட்டுகிற அலர்ஜிக் குளிசை. நீங்கள் சொல்கிற வட்ட முகம், பரு, தசை பலவீனம் மூன்றும் ஸ்டீரொயிட்டை நினைக்க வைக்கிறது. நாளாகப் போட்டால் எலும்பு மெலியும், சீனி கூடும், பிரஷர் கூடும், கிருமி கெதியாகத் தொற்றும். உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீரொயிட்டை நிறுத்திவிட்டு இந்தக் குளிசையை நம்பி இருக்கும். திடீரென்று விட்டால் ஆள் மயங்கி விழலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம். டொக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

மெலிய என்று இணையத்தில் விற்கிற தேத்தண்ணியும் கப்சூலும் இதே கதைதான். சில தேத்தண்ணிகளில் இருப்பது வயிற்றாலே போக வைக்கிற இலை. போவது தண்ணீர், கொழுப்பு இல்லை. "மூலிகை" என்று எழுதின சில கப்சூல்களில் சிபூட்ரமைன் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். இருதயத்துக்கு ஆபத்து என்று 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது.

ஸ்காபரோ_பெடியன்

கனடாவிலிருந்து. எனக்கும் ஊரில்தான் பொம்பிளை பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு மெலிந்த பெண்தான் பிடிக்கும். அதைச் சொல்வது தப்பா? எல்லாருக்கும் ஒரு விருப்பம் இருக்குமே.

பிளேன்ரீ

பிடித்தால் மெலிந்தவளைப் பார்த்துக் கட்டுங்கோ தம்பி, ஒருவரும் மறிக்கவில்லை. 61 கிலோக்காரியைப் பொருத்தம் பார்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு, அவளை 50 ஆக்கித் தா என்று கேட்க வேண்டாம்.

ஸ்காபரோ_பெடியன்

சரி, அது நியாயம். ஆனால் அம்மா என்ன கேட்கிறா என்று எனக்கே தெரியாது. எனக்கு வட்ஸ்அப்பில் படம் மட்டும்தான் வரும், அதுவும் ஸ்ரூடியோவில் வெள்ளையாக்கி மெலிய வைத்த படம்.

மாங்குளத்தான்

அப்ப அம்மாவிடம் கேளும். இந்த இழையில் பேசப்படுகிற மாப்பிள்ளையே நீராக இருந்தாலும் இருக்கும்.

ஸ்காபரோ_பெடியன்

இல்லை, எனக்குப் பார்க்கிறது பூநகரிப் பக்கம்!

இரணைமடு_தாய்

நான் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மாமி இரண்டு பேருக்குச் சாப்பிடு என்கிறா. என் அம்மா, கணக்கச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து வெட்டித்தான் எடுக்க வரும் என்கிறா. எடை 9 கிலோ கூடியிருக்கிறது. யார் சொல்வது சரி?

வெள்ளைச்சீருடை

இரண்டு பேரும் இல்லை. கர்ப்பத்துக்கு முன் சாதாரண எடையில் இருந்தவருக்கு மொத்தமாக 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். மெலிந்தவருக்கு 18 வரை போகலாம், உடம்பு கூடியவருக்கு அதைவிடக் குறைவாகப் போதும். உங்கள் கர்ப்பவதி அட்டையில் கோடு இருக்கும், ஒன்பது பெரும்பாலும் சரியான பாதையில்தான் போகும். திரிபோஷாச் சத்துமா தந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் குடுத்துவிட்டு நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பரந்தன்_சந்தி

அப்ப குரக்கன் பிட்டுக்கு மாறினால் மெலியலாம் என்பது? அக்காவுக்கு அதைத்தான் குடுக்கிறோம்.

அளவுகோல்

குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். குரக்கனில் நாரும் கல்சியமும் கூட, அதனால் அரிசியை விட நல்லது. ஆனால் இரண்டு நீத்துப்பெட்டிப் பிட்டும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். அக்காவுக்குப் பிட்டைக் குறைத்து, கீரையும் பயறும் மீனும் கூட்டிக் குடுங்கோ. "மெலிய" என்று சொல்லிக் குடுக்காமல் சாப்பாடு என்று குடுங்கோ.

பரந்தன்_சந்தி

சரி. அவவோடு நானும் அதையே சாப்பிட்டுப் பார்க்கிறேன். எனக்கும் இடுப்பு 90 தாண்டிவிட்டது, ஒருவரும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

விசுவமடு_அக்கா

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனோம். வெறும் வயிற்றில் பார்த்த சீனி சாதாரணம். பிரஷர் சாதாரணம். இடுப்பு 77. தைரொயிட் சோதனையின் முடிவு வர வேண்டும். எல்லாரும் பார்க்காத ஒன்றுதான் பிழை: ஹீமோகுளோபின் 10.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். "மொத்தமான பிள்ளைக்கு எப்பிடி டொக்டர் ரத்தம் குறையும்?" என்று அம்மா கேட்டார். உடம்பின் பருமனும் இரத்தத்தின் இரும்பும் வேறு வேறு கணக்கு என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மூன்று நேரமும் சாப்பாடு, இரும்புக் குளிசை, பின்னேரம் நடை. எடையைப் பற்றிக் கடைசியில்தான் கதைத்தார், அதுவும் அவளைத் தனியாக இருத்தி. அம்மாவையும் என்னையும் வெளியில் விட்டுவிட்டார்.

அம்மா பஸ்ஸில் வரும்போது ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சம்பலும் முட்டையும் பொரித்துச் சோறு போட்டுக் குடுத்தார். தங்கச்சி பாதி சாப்பிட்டாள்.

தரகருக்கு அப்பா சொன்ன பதில்: "பிள்ளையின்ர எடை இதுதான். கூடினாலும் குறைஞ்சாலும் அது அவளின்ர பாடு. விருப்பமெண்டா வரச் சொல்லுங்கோ." இன்னும் பதில் வரவில்லை. அம்மாவுக்கு நித்திரை இல்லை. தங்கச்சி வேறு ஒரு வேலைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளைச்சீருடை

நல்லது. இரும்புக் குளிசையை பிளேன்ரீயோடு போட விட வேண்டாம், தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேசிக்காய்த் தண்ணியோடு போடட்டும். இரண்டு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம். மாதவிடாய் திரும்ப வருகிறதா என்று பார்த்து எழுதுங்கோ.

நெத்தலி

டொக்டரிடம் போனேன். குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி அட்டவணை எழுதித் தந்திருக்கிறார். பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் இன்னொரு பிள்ளைக்கும் வாங்கிக் குடுத்திருக்கிறார்! அந்தப் பிள்ளையையும் அனுப்ப வேண்டும். மிஸ், வெல் வுமன் கிளினிக்குக்கு எங்களைப் போன்ற வயதுக்காரர் போகலாமா?

வெள்ளைச்சீருடை

அது முக்கியமாக 35 வயதை அடைந்த பெண்களுக்கென்று நடத்துவது. பிரஷர், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். 35 தாண்டிய அம்மா, அக்கா இருந்தால் கட்டாயம் அனுப்புங்கோ. உங்கள் வயதுக்கு முதலில் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு போதும். கிளினிக் நடக்கிற நாள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் பகுதி மருத்துவமாதுவைக் கேட்டால் சொல்லுவா. அந்த மற்றப் பிள்ளையிடம் குளிசை உறையை எறிந்துவிட வேண்டாம், கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கோ.